நூர்முகம்மது ஓதிய மூன்று வரி

நூர்முகம்மதின் வலதுகைக் கட்டைவிரல் சும்மா இருந்து நான் பார்த்ததில்லை. முதலில் சுண்டுவிரலின் அடிக்கணுவைத் தொடும். பிறகு நடுக்கணு, பிறகு நுனி. பிறகு அடுத்த விரல். நான்கு விரலுக்குப் பன்னிரண்டு கணு. மோதிரவிரலின் நுனிக்கணு மட்டும் அவருக்கு இல்லை. மரம் சரிந்து நசுங்கியதில் எடுத்துவிட்டார்கள். ஆனாலும் கட்டைவிரல் அந்த இடத்தைத் தாண்டிப் போகாது. விரல் இருந்திருக்க வேண்டிய வெறும் காற்றில் ஒருமுறை அழுத்திவிட்டுத்தான் நடுவிரலுக்குப் போகும். உதடு மெல்ல அசையும். ஒரு கணுவுக்கு ஒருமுறை அந்த சூரா ஓதி முடிந்திருக்கும்.

குர்ஆனிலேயே மிகச் சிறிய அத்தியாயம் அது. கவ்ஸர். மூன்றே வரி.

அறுபத்து நான்கில் நான் நடுக்கடல் தீவில், சாத்தம் மரமில்லில் அளவு எழுதும் குமாஸ்தா. அவர் அங்கே பலகை அடுக்குபவர். டாலிகஞ்சில் ஒரே தகரக் கூரையின் கீழ் எங்கள் இரண்டு அறைகள். நடுவில் பலகைச் சுவர். அந்தப் பக்கம் அவரும் மனைவி ஷரீபாவும். தனியாக இருக்கும்போது அவர் வாய்விட்டு ஓதுவார். பலகை இடுக்கு வழியாக அது என் அறைக்குள் வந்துகொண்டே இருக்கும். அரபு தெரியாத எனக்கு அந்த மூன்று வரியும் மனப்பாடமாகிவிட்டது. அதை யாரிடமும் நான் சொன்னதில்லை.

கோடையில் தெருக்குழாயில் ஒரு மணிநேரம்தான் தண்ணீர் வரும். வரிசையில் நிற்கும்போது ஒருநாள் அவராகவே பொருள் சொன்னார்.

"கவ்ஸர்னா சொர்க்கத்துல ஓடுற ஆறு, தம்பி. பாலவிட வெள்ளை, தேனவிட இனிப்பு. ஒரு மடக்கு குடிச்சவனுக்கு அப்புறம் தாகமே கிடையாது. எம் புள்ளைங்களுக்கு அதுதான் வேணும்."

அவருக்கு இரண்டு மகன்கள் இருந்தார்கள். ஆறு வயது, நாலு வயது. ஐம்பத்தொன்பது மழைக்காலத்தில் வாந்திபேதி வந்து ஒரே வாரத்தில் இருவரும் போனார்கள். பேதியில் தண்ணீர் கொடுத்தால் உயிர் போய்விடும் என்று அக்கம்பக்கத்தில் சொல்லியிருக்கிறார்கள். பிள்ளைகள் கேட்கக் கேட்கப் பொறுக்காமல் இவர் பானையைத் தூக்கிக் கண்ணில் படாதபடி வெளியே வைத்துவிட்டார். சின்னவன் கடைசியாகச் சொன்னது, "வாப்பா, கொஞ்சூண்டு."

அதனால் ஓதினார். ஓதுகிற நன்மையைப் பிள்ளைகளுக்கு அனுப்பினார். ஒருமுறை ஓதினால் ஒரு மடக்கு. அது மார்க்கக் கிதாபில் உள்ள கணக்கில்லை, தானாகப் போட்டுக்கொண்டது என்று அவரே சொன்னார். இரண்டாவது வரி இறைவனைத் தொழு, பலி கொடு என்கிறது. மூன்றாவது வரிக்கு ஒரு கதை உண்டு. நபியின் ஆண்பிள்ளைகள் சிறுவயதிலேயே இறந்தபோது, வாரிசு அறுந்தவன் என்று எதிரிகள் ஏசினார்கள். 'அப்தர்' என்பது அந்தச் சொல். அதற்கு அல்லா இறக்கிய பதில் அது: உன்னை வெறுப்பவன்தான் அறுந்தவன். "எனக்காகவே இறங்கின மாதிரி இருக்கும், தம்பி" என்றார். குழாய் நின்றுவிட்டது. அவர் குடம் பாதிதான் நிறைந்திருந்தது.

இந்தக் கதை காதருக்கும் தெரியும். மதரஸாவில் படித்தவர். பஜாரில் ஜவுளியும் அரிக்கேனும் கயிறும் விற்கும் பெரிய கடை. மூன்று பெண்களுக்குப் பிறகு ஒரு மகன். அவனைக் கல்லாவுக்கு மேலேயே உட்கார வைத்திருப்பார். நூர்முகம்மதுக்கு 'அப்தர்' என்று பெயர் வைத்தவர் அவர்தான். "க்யா அப்தர், இன்னைக்கு எத்தனை மூணு வரி?" என்பார். கடையில் இருப்பவர்கள் சிரிப்பார்கள். பொருள் தெரியாதவர்கள் அதை அவருடைய பெயர் என்றே எடுத்துக்கொண்டார்கள். மில்லில் ஒரு வங்காளிப் பெரியவர் வெகு மரியாதையாக 'அப்தர் பாய்' என்று கூப்பிடுவார். இவரும் திரும்பிப் பார்ப்பார்.

ஒரே ஒருமுறை பதில் சொன்னார். நான் மண்ணெண்ணெய்க்கு நின்றிருந்தேன்.

"இந்தப் பேரை நபிக்கே வச்சாங்க, முதலாளி. வச்சவங்களுக்கு அல்லா மூணாவது வரியில பதில் சொல்லிட்டான்."

காதரின் சிரிப்பு முகத்தில் அப்படியே இருந்தது. துணியை அளந்துகொண்டிருந்த கை நின்றுவிட்டது.

இரண்டு மாதம் கழித்து அந்த மகன் படுத்தான். கண் மஞ்சளாகி, சிறுநீர் மஞ்சளாகி, பிறகு காய்ச்சல் இறங்கவே இல்லை. அந்த நாட்களில் பக்கத்து அறையில் ஓதல் கூடியிருந்தது. மாலையில் ஜன்னல் கட்டையில் ஒரு பழுப்புநிற மருந்துபாட்டிலில் தண்ணீர் வைத்து, அதன் மேல் குனிந்து நூர்முகம்மது ஓதுவதை இரண்டு மூன்று தடவை பார்த்தேன். ஷரீபாவுக்கு ஏதோ உடம்பு என்று நினைத்துக்கொண்டேன்.

சோப்பு வாங்கப் போன என்னைக் காதர் நிறுத்தினார். ஒரு வாரமாகச் சவரம் செய்யாத முகம்.

"குமாஸ்தா தம்பி, நீ பக்கத்து ரூம்தானே. எம் மவன் படுத்த நாளா அவன் அதைத்தான் ஓதுறானா?"

உண்மையைத்தானே கேட்கிறார் என்று நினைத்தேன். "ஆமா. முன்னைவிட அதிகமா" என்றேன்.

புதன்கிழமை பையன் இறந்தான்.

பள்ளிவாசலில் தொழுகை நடத்தும் ஹஜ்ரத், மகள் கல்யாணத்துக்காகக் கப்பலேறி மெயின்லேண்ட் போயிருந்தார். அடுத்த கப்பல் எப்போது என்று யாருக்கும் தெரியாது. அந்த வெள்ளிக்கிழமை தொழுகை நடத்தியது காதர்தான். முடிந்ததும் நூர்முகம்மதை முற்றத்தில் நிறுத்தினார்கள். நான் ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றேன். எல்லாம் கேட்டது.

"எம் புள்ள படுத்த நாளா அதை ஓதுனியா, இல்லையா?"

நூர்முகம்மது தரையைப் பார்த்தார். "ஓதினேன்" என்றார்.

கூட்டத்தில் சத்தம் எழுந்தது. யாரோ அவர் தொப்பியைத் தட்டிவிட்டார்கள். காதர் குரலை உயர்த்தவில்லை.

"ஆம்பளப் புள்ள இல்லாதவன் நீ. நாளைக்கு நீ செத்தா உன் மய்யத்தை நாங்கதான் தூக்கணும். இனி வாயாலயும் மனசாலயும் அந்த சூராவை ஓத மாட்டேன்னு அல்லா மேல சத்தியம் பண்ணு. இல்லேன்னா நாலு தோள் உனக்குக் கிடையாது."

"முதலாளி, அது எம் புள்ளைங்களுக்கு..."

"எம் புள்ளைக்குத்தான் ஓதிட்டியே. பஸ், போதும்."

அவர் சத்தியம் செய்தார். செய்துவிட்டுக் குனிந்து தொப்பியைத் தேடினார். அது யார் காலடியிலோ இருந்தது. எடுத்துக் கொடுக்க ஒருவரும் இல்லை.

அதன் பிறகு பலகைச் சுவர் வெறும் பலகையாக இருந்தது. தொழுகையில் வேறு சூரா ஓதிப் பாதியில் தடுமாறுவாராம். பழக்கத்தில் கட்டைவிரல் மட்டும் கணு கணுவாக ஏறும். காற்றில் ஒருமுறை அழுத்தும். உதடு இறுக மூடியிருக்கும். சோற்றோடு தண்ணீர் வைத்தால் தொடமாட்டேன் என்கிறார் என்று ஷரீபா என்னிடம் சொல்லி அழுதாள். "அங்க அவங்க காத்துக்கிட்டு இருக்கையில நான் குடிக்கிறதான்னு கேக்குறாரு, தம்பி."

நாலாவது வாரம் காட்டுக்காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ஒரு மாலை போனேன். வார்டில் இருபது பேர் இருந்தார்கள். நர்ஸ் ஒருத்தி மருந்து கொடுத்துக்கொண்டு வந்தாள். நூர்முகம்மது என் மணிக்கட்டைப் பிடித்தார். கை கொதித்தது.

"நான் சத்தியம் பண்ணிட்டேன். நீங்க பண்ணலையே, தம்பி. உங்களுக்கு அது தெரியும். நான் ஓதும்போது சுவருக்கு அந்தப் பக்கம் நீங்க முணுமுணுக்கிறது எனக்குக் கேக்கும். ஒரு தடவை சொல்லுங்க. ரெண்டு பேரும் ஆளுக்குப் பாதி குடிச்சுக்குவாங்க."

மூன்று வரியும் வாயில் இருந்தது. பக்கத்துக் கட்டில்காரன் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தான். ஓர் இந்துப் பையன், ஆஸ்பத்திரி நடுவில் அரபு சொல்வதை நர்ஸ் நின்று கேட்பாள் என்று தோன்றியது. எனக்குக் காது சூடானது.

"நாளைக்கு வந்து சொல்றேன், பாய்" என்றேன்.

"அச்சா" என்று கையை விட்டார்.

மறுநாள் நான் போனபோது கட்டிலில் வேறு ஆள்.

சத்தியத்தைக் காப்பாற்றியதால் நாலு தோளும் கிடைத்தன. முன்பக்கம் இடது தோள் காதருடையது. ஒன்பது நாள் கழித்துக் கப்பல் வந்து ஹஜ்ரத் இறங்கினார். மனசு நொந்தவருக்கு ஆறுதலாக இறங்கிய வசனத்தைச் சாபம் என்று உங்களுக்குச் சொன்னது யார் என்று பள்ளிவாசலில் கேட்டாராம்.

ஷரீபா அதே கப்பலில் தம்பி வீட்டுக்குப் புறப்பட்டாள். மூட்டையை நான்தான் தூக்கிப் போனேன். துறைமுகத்தில் துணியில் சுற்றிய ஒன்றை என்னிடம் கொடுத்து, காதர் வீட்டுப் பின்கதவில் அவர் மனைவி சபீஹா கையில் மட்டும் கொடுக்கச் சொன்னாள். "அவங்க சாமான். நான் கொண்டுபோகக் கூடாது" என்றாள்.

சபீஹா கதவை ஒரு சாண் திறந்தாள். துணியைப் பிரித்தாள். அந்தப் பழுப்புநிற மருந்துபாட்டில். அதைக் கையில் வைத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமலே சொன்னாள். மகன் படுத்த நாளிலிருந்து மூன்று தடவை ஷரீபாவிடம் தண்ணீர் கொடுத்து அனுப்பியது அவள்தான். தாகத்துக்கு இறங்கிய சூராவாமே, அதை ஓதிக் கொடுக்கச் சொல்லுங்கள் என்று கேட்டதும் அவள்தான். கணவருக்குத் தெரிந்தால் கொன்றுவிடுவார், யாரிடமும் வாய் திறக்கக்கூடாது என்று நூர்முகம்மதிடம் முதல் சத்தியத்தை வாங்கியவளும் அவளே.