நாலு இட்லி என்று சொன்ன மச்சான்

போன சனிக்கிழமை என் மச்சான் முனுசாமியைச் சித்தூரில் ஒரு பல் டாக்டரிடம் அழைத்துப் போனேன். பிள்ளைகளே, அங்கே நான் ஒரு தப்பு செய்தேன். அதை உங்களிடம் மறைக்கப் போவதில்லை.

மச்சானுக்குச் சர்க்கரை வியாதி. காலையில் இன்சுலின் ஊசி போட்டால் சாப்பிட்டாக வேண்டும். ஆனால் அன்று புரட்டாசிச் சனிக்கிழமை... ஊசியைப் போட்டுக்கொண்டார், விரதம் என்று சாப்பாட்டை விட்டுவிட்டார்.

நர்ஸ் ரங்கம்மா விவரம் கேட்டார்.

“சர்க்கரை இருக்குதும்மா. ஊசி போட்டுக்கினுதான் வந்தேன்” என்றார் மச்சான்.

“சாப்ட்டீங்களா?”

“நாலு இட்லி துன்னேன்.”

ஏன் பொய்? வலியோடு புத்தூரிலிருந்து பஸ் ஏறி வந்தவர். உண்மையைச் சொன்னால் திருப்பி அனுப்பிவிடுவார்களே. நானோ சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நாற்காலியில் சாய்ந்ததும் மச்சானுக்கு வாய்த்துடுக்கு வந்துவிட்டது. “மெட்ராஸ், ஆந்திரான்னு ஊரையே பிரிச்சுட்டாங்க. ஒரு பல்லைப் பிரிக்க இவ்ளோ நேரமா டாக்டர்?”

அடுத்த நிமிடம் சட்டை முழுக்க வேர்வை. கை நடுங்கியது. தலை தொங்கிவிட்டது.

டாக்டர் குறடைக் கீழே வைத்தார். யாரும் கத்தவில்லை. ரங்கம்மா நாற்காலியைத் தாழ்த்தி, மச்சானை ஒருக்களித்துப் படுக்க வைத்தார். கம்பவுண்டர் அவசர மருந்துகள் வைத்திருந்த ஒரு சிவப்புத் தகரப் பெட்டியோடு வந்து நின்றார். நான் சர்க்கரைத் தண்ணீரை எடுத்துக்கொண்டு ஓடினேன். ரங்கம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“மயக்கத்துல இருக்கறவங்க வாயில ஊத்தாதீங்க. மூச்சுக்குழாய்ல போயிடும். நிஜத்தச் சொல்லுங்க, சாப்ட்டாரா?”

“விரதம்மா... ஒண்ணும் துன்னல.”

அவ்வளவுதான். பெட்டியிலிருந்து குளுக்கோஸ் எடுத்து டாக்டர் நரம்பில் ஏற்றினார். சிறிது நேரத்தில் மச்சான் கண் திறந்தார்.

எப்படி இவ்வளவு பதறாமல் செய்தார்கள் என்று பிறகுதான் தெரிந்தது. திங்கட்கிழமைதோறும், கிளினிக் திறக்கும் முன், கம்பவுண்டர் மயங்கியவர்போல் நாற்காலியில் படுத்துக்கொள்வாராம். டாக்டரும் ரங்கம்மாவும் அவரைக் காப்பாற்றுவதுபோல் ஒத்திகை பார்ப்பார்களாம். “பல் பிடுங்குற இடத்துல இதெல்லாம் எதுக்கு சார்?” என்று கேட்டேன்.

“பல்லு மட்டும் தனியா நடந்து வர்றதில்லையே” என்றார் டாக்டர்.

“விரதம் கெட்டுப்போச்சா மாப்ள?” — மச்சானின் முதல் கவலை.

“பெருமாள் கேட்டா என் பேரைச் சொல்லுங்க. இந்தப் பாலைக் குடிங்க” என்றார் ரங்கம்மா.

அந்த இடத்தில் எல்லாமே தயாராக இருந்தது, பிள்ளைகளே... உண்மையைச் சொல்ல வேண்டிய என் வாய் மட்டும்தான் தயாராக இல்லை.