பெல் அடிக்கிற கான்ட்ராக்டர்

மும்பை செம்பூர் வீட்டு பாத்ரூமில் டைல்ஸ் மாத்தணும். வந்து பார்த்த கான்ட்ராக்டர், "என் வேலையைப் பத்தி இவங்களைக் கேட்டுக்கோங்க"ன்னு முலுண்டில் இருக்கற ஒரு மாமியோட நம்பரைக் கொடுத்தார்.

இன்னிக்கு மாமியைக் கூப்பிட்டேன்.

"ஆள் எப்படி மாமி, நம்பலாமா?"

"நாணயமானவன்தான். ஆனா இழுத்தடிப்பான். ரெண்டு வாரம்னு சொல்லிட்டு ரெண்டு மாசம் பண்ணினான்."

"அப்போ வேண்டாங்கறேளா?"



"தினம் கார்த்தால வந்து பெல் அடிப்பான். ‘ஆன்ட்டி, சாய்’னு டீ கேப்பான். இப்போ யாரு பெல் அடிக்கறா? பால்காரன்கூட பாக்கெட்டைக் கதவுப் பையில போட்டுட்டுப் போயிடறான்."

என் கதவிலும் அந்தப் பைதான் தொங்கறது.

அவரையே வரச் சொல்லிட்டேன். பாத்ரூமோட கிச்சனையும் சேர்த்துப் பண்ணச் சொல்லிட்டேன்.

திட்டணும்னு தோணறவா கமென்ட்ல எழுத வேண்டாம். போன் பண்ணித் திட்டுங்கோ.