துரையின் மோட்டார் தின்ற செப்புக்குடம்

சந்தேகப்படுவதில் எட்டு வயதிலேயே நான் கெட்டிக்காரி. டின்னில் சீனி குறைந்தால் யார் வாயை மோந்து பார்க்கவேண்டும் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் சின்னம்மாவின் செப்புக்குடம் காணாமல் போனபோது, அம்மா பக்கத்து வீட்டுக்காரியைச் சந்தேகப்பட்டு குழாயடியில் அவள் மானத்தை வாங்கியது எனக்குத் திருப்தியாக இல்லை. எங்களிடம் இரவல் வாங்கிய அகப்பையையே ஒளித்து வைக்கத் தெரியாதவள், அத்தனை பெரிய குடத்தை எங்கே ஒளிப்பாள்?

மலாயாவில் பீடோருக்கு உள்ளே தள்ளியிருந்த ரப்பர் தோட்டம் அது. லயத்து வரிசையில் ஒரு வீட்டில் அம்மா, அப்பா, நான், அம்மாவின் தங்கையான சின்னம்மா, அவர்கள் இருவருக்கும் தம்பியான மாமா. பால்மரம் வெட்டப் போகாத ஒரே ஆள் மாமாதான். ஈப்போவில் தொழில் பழகியவர் என்று தோட்டத்து வெள்ளைக்காரத் துரையின் மோட்டாரைத் துடைத்து, பழுது பார்த்து வைக்கும் வேலை அவருக்கு. ஓட்டுவது மட்டும் துரை.

இரண்டே பேர் உட்காரக்கூடிய பந்தய மோட்டார் கார். சீமைக்குத் திரும்பிய வேறொரு துரையிடம் வாங்கிய பழசு. பழசானால் என்ன, அதில் ஏறினால் துரைக்குக் கண்மண் தெரியாது. சனிக்கிழமை ஆனால் மற்றத் தோட்டத்துத் துரைமாரோடு போட்டி போட்டுக்கொண்டு ஈப்போ கிளப்புக்குப் பறப்பார். பங்களாவிலிருந்து லயத்தைத் தாண்டிப் போக ஒரே ஒரு செம்மண் சாலை. பிள்ளைகள் விளையாடுவதும் அதில்தான், காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்கு ஆட்கள் நடப்பதும் அதில்தான். அப்படிப் பெரட்டுக்கு நடந்த சின்னம்மாவைத்தான் அந்த மோட்டார் இடித்துத் தள்ளியது. இடுப்பெலும்பு நொறுங்கி, கம்பு ஊன்றினால்தான் நடக்க முடியும் என்றாகிவிட்டது. "ஹார்ன் அடித்தேனே, அவளுக்குக் காது கேட்காதா?" என்று துரை கேட்டார். விசாரணை அதோடு முடிந்தது.

அடுத்த மாதமே அவர் யாரிடமோ பந்தயத்தில் தோற்றுப்போனார். மாமாவைக் கூப்பிட்டு, எஞ்சினைத் திறந்து பழுது பார்த்து, முன்னைவிட வேகமாக ஓடும்படி செய்யச் சொன்னார். மாமா சரியென்று தலையாட்டினார். அந்தத் தலையாட்டல் எனக்கு அறவே பிடிக்கவில்லை. அக்காவை இடித்த வண்டிக்கு வேகம் ஏற்றித் தருகிற தம்பி என்ன தம்பி? சீ!

மத்தியானச் சோறு கொண்டுபோய்க் கொடுக்கும் சாக்கில் மோட்டார் கொட்டகையில் உளவு பார்க்க ஆரம்பித்தேன். எஞ்சினின் மூடியைக் கழற்றி வைத்திருந்தார். உள்ளே நாலு குழிகள், கரி பிடித்த பணியாரச் சட்டி மாதிரி. மாமா என்னைக் கண்டதும் எதையோ கோணிக்கு அடியில் தள்ளினார். அவர் கை கழுவப் போன நேரம் பார்த்து நான் கோணியைத் தூக்கினேன். எங்கள் செப்புக்குடத்தின் வாய் கிடந்தது! நான் ஒருமுறை கீழே போட்டு நசுக்கிய அதே விளிம்பு. குடத்தின் வயிற்றை வெட்டி, பழுக்கக் காய்ச்சி, தகடு தகடாக அடித்து வைத்திருந்தார். பக்கத்தில் வட்ட வட்டமாக வெட்டியெடுத்த செப்புத் துண்டுகள்.

வட்டமாகச் செம்பு இருந்தால் அது காசுதானே? மாமா கள்ளக் காசு அடிக்கிறார்! போலீஸ் வரும், லயத்தையே கட்டிக்கொண்டு போகும். தூக்குச் சட்டியைக்கூட எடுக்காமல் ஓடிவந்து அம்மாவிடம் மூச்சிரைக்கச் சொன்னேன்.

அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கிளம்பினாள். பாயில் படுத்திருந்த சின்னம்மா தலையைத் தூக்காமலே சொன்னாள்:

"போவாதக்கா. கொடத்த நான்தான் கொடுத்தேன். இந்த இடுப்புல இனிமே என்னத்தத் தூக்கி வைக்கிறது? தம்பி கேட்டுச்சு, எடுத்துக்கன்னேன்."

"எதுக்குக் கேட்டான்?"

சின்னம்மா அம்மாவைப் பக்கத்தில் கூப்பிட்டுக் காதில் ஏதோ சொன்னாள். அம்மா செருகிய முந்தானையை உருவி விட்டுக்கொண்டு அங்கேயே உட்கார்ந்தாள். பிறகு என் தலையில் ஒரு குட்டு வைத்து, வாயைத் திறந்தால் சூடு போடுவேன் என்றாள். பெரியவர்கள் எல்லாரும் ஒரே கூட்டு என்று எனக்கு ஆத்திரம் பொங்கியது.

மூடியைத் திரும்பப் பொருத்தும்போதும் நான் விடவில்லை, போய் நின்றேன். எஞ்சினுக்கும் மூடிக்கும் நடுவே மெல்லிசாக ஒரு தகடு இருக்குமாம். அது கெட்டுப்போனதென்று, மாமா குடத்துத் தகடுகளை அடுக்கடுக்காக வைத்து இறுக்கினார். வட்டங்கள் எப்படி வந்தன என்று அப்போதுதான் புரிந்தது, எஞ்சின் குழிகளுக்காகத் தகட்டில் ஓட்டை போட்டபோது விழுந்த துண்டுகள். கள்ளக் காசு இல்லை என்றதும் எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

"வா, நீ சுத்து," என்று மாமா, எஞ்சினைக் கிளப்ப மோட்டாருக்கு முன்னாலிருந்த கைப்பிடியைக் காட்டினார். பங்களா வேலைக்காரர் ஒருவரின் மணிக்கட்டைத் திருகிப் போட்ட கைப்பிடி அது. பயந்துகொண்டே சுற்றினேன். கிணற்று ராட்டினம்போல லேசாகச் சுற்றிக்கொண்டது, எஞ்சினும் பிடித்துக்கொண்டது. மாமா பெரிய ஆள்தான் என்று நினைத்தேன்.

அந்தப் பெருமை சனிக்கிழமை வரைதான். சின்ன மேட்டில்கூட மோட்டார் இருமி இருமி ஏறியது. துரை பாதி வழியில் திரும்பி வந்து, லயமே கேட்க மாமாவைத் திட்டினார். பெட்ரோலில் தண்ணீர் கலந்தாயா, சாமான் எதையாவது விற்றாயா என்று சந்தேகப்பட்டார். லயத்து ஆட்களோ மாமா தலையைக் கண்டாலே மாடு ஓட்டுவதுபோல "த்தா, த்தா" என்று சத்தம் கொடுத்தார்கள். எனக்கு வெளியே தலைகாட்ட வெட்கமாக இருந்தது. மாமா மட்டும் சிரித்துக்கொண்டே போய்வந்தார். ரோஷம் கெட்ட மனுஷன்!

கடைசியில் துரை ஈப்போவிலிருந்து ஒரு சீன மெக்கானிக்கை வரவழைத்தார். அவர் மூடியைத் திறந்தால் மாமாவின் லட்சணம் தெரிந்துவிடும், வேலையும் போகும் என்று அம்மா காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. நான் கொட்டகை வாசலில் நின்றேன். மெக்கானிக் மூடியைத் தூக்கினார். செப்பு அடுக்கை விரலால் தடவிப் பார்த்தார். மாமாவிடம் மலாயில் மெதுவாக ஏதோ கேட்டார். மாமா சாலைப் பக்கம் பார்த்தார். அங்கே சின்னம்மா கம்பை ஊன்றி, ஒவ்வொரு அடியாக வந்துகொண்டிருந்தாள். மெக்கானிக்கும் பார்த்தார். பிறகு மூடியை இருந்தபடியே வைத்து இறுக்கிவிட்டு, துரை வந்ததும் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"இஞ்சின் சுடா துவா லா, துவான்."

எஞ்சின் கிழடாகிவிட்டதாம். இதைச் சொல்ல ஈப்போவிலிருந்து ஓர் ஆளா?

அதைவிடக் கொடுமை, முனியாண்டிக்கு நேர்ந்து நான் தீனி போட்டு வளர்த்த சேவலை அம்மா பிடித்து, கால்களைக் கட்டி, அந்த மனிதர் கையில் கொடுத்தாள். சாமி கோபித்துக்கொள்ளும் என்று அழுதேன். "கோவிச்சுக்காது, போடி," என்றாள் அம்மா. வேலை தெரியாத இரண்டு பேருக்காக என் சேவல் போயிற்று என்று நான் அன்று சாப்பிடவில்லை. மூடிக்கு அடியில் தகடு தடித்தால் எஞ்சினின் வலு குறையும், கைப்பிடி லேசாகச் சுற்றுவதே அதற்கு அடையாளம் என்பதெல்லாம், லாரி வைத்திருந்த வீட்டுக்கு நான் வாழ்க்கைப்பட்ட பிறகு தெரிந்துகொண்டது.

சில நாள் கழித்துச் சின்னம்மாவோடு அதே சாலையில் கடைக்குப் போனேன். பிள்ளைகள் கோலி ஆடிக்கொண்டிருந்தார்கள். பின்னால் துரையின் மோட்டார் மேடேற முடியாமல் முனகிக்கொண்டு வந்தது. ஹார்ன் அடித்தார். பிள்ளைகள் கோலிகளைப் பொறுக்கிக்கொண்டு ஓரம் போனார்கள். மறுபடி அடித்தார். சின்னம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சாலை நடுவிலேயே கம்பை ஊன்றி, சாவகாசமாக நடந்தாள். நான் பயந்து அவள் கையைப் பிடித்து இழுத்தேன். அசையவில்லை. மோட்டார் அவள் பின்னாலேயே ஊர்ந்து வந்தது.

பாவம், துரை சொன்னது நிஜம்தான், சின்னம்மாவுக்குக் காது கேட்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.