சுருக்குப்பை தைக்கிறவர்

என் கணவர் ஐங்கரன் தைப்பது அறுநூறு வருடத்துக்கு முந்தைய ஜெர்மன்காரரின் சுருக்குப்பை. அந்தக் காலத்து உடுப்பில் பை கிடையாது. சில்லறை, சாவி, சீப்பு எல்லாவற்றையும் தோல்பையில் போட்டு இடுப்பு வாரில் தொங்கவிட்டுக்கொண்டு திரிந்திருக்கிறார்கள். இப்போதும் கோடை வந்தால் இங்கே கோட்டைக்குக் கோட்டை மத்தியகாலச் சந்தை போடுவார்கள். வங்கிக்காரரும் பல் வைத்தியரும் பழைய வேடம் கட்டிக்கொண்டு வருவார்கள். அவர்களுக்கு ஜிப் வைத்த பை ஆகாது. இவர் தைத்ததுதான் வேண்டும்.

கெல்சென்கிர்ச்சனில் சோபா உறை தைக்கும் தொழிற்சாலையில் வேலைக்கு நின்றவர். அதை மூடியதும், கூட வேலை செய்த பீலிக்ஸ் தன் தோல் பட்டறைக்குக் கூட்டிக்கொண்டு போனான். போன இடத்தில் இவர் ஒட்டிக்கொண்டுவிட்டார்.

ஓக் மரப்பட்டையில் பதமிட்ட ஆட்டுத்தோல். இரண்டு துண்டு வெட்டி, நல்ல பக்கம் உள்ளே இருக்க ஒன்றோடொன்று சேர்த்து, குத்தூசியால் துளை போடுவார். மெழுகு பூசிய நூலின் இரண்டு முனையிலும் ஊசி கோத்து, ஒரே துளைக்குள் எதிரும் புதிருமாக இழுத்துத் தைப்பார். ஒரு தையல் அறுந்தாலும் மற்றது பிடித்துக்கொள்ளும். பிறகு தண்ணீரில் நனைத்து உட்புறத்தை வெளிப்புறமாகப் புரட்டவேண்டும். அதுதான் சீவன் போகிற வேலை. அவசரப்பட்டால் மூலை கிழியும். புரட்டியதற்குள் தவிட்டை அடைத்துக் காயவிட்டு, காய்ந்ததும் கொட்டிவிட்டு, வாயைச் சுற்றித் துளையிட்டு வார் கோப்பார். அந்தப் பட்டைச் சாயம் இரும்பில் பட்டால் கறுக்கும். ஈரத்தோலையும் கத்தியையும் மாறி மாறிப் பிடித்து இவருடைய விரல்நுனிகள் எப்போதும் கறுப்பு. தேசிக்காய்ப் புளி விட்டுத் தேய்த்தாலும் முழுதாகப் போகாது.

இவருடைய தங்கை சுபானி வெளியில் சொல்வது, "அண்ணை பாக் பிசினஸ் செய்யிறார்." கேட்பவர்கள் ஏதோ கைப்பைக் கடை வைத்திருக்கிறார் என்று நினைத்துக்கொள்வார்கள். சுபானியின் மகள் தக்சாயினி பால் குடிக்கிற வயதிலேயே அவளின் தகப்பன் செத்துப்போனார். பள்ளிக்கூடத்துப் பெற்றோர் கூட்டம், பல்லுக்குக் கம்பி கட்ட வைத்தியரிடம் கூட்டிக்கொண்டு போனது, கார் ஓட்டப் பழக்கியது எல்லாம் இவர்தான். எங்களுக்குப் பிள்ளை இல்லை. அவள்தான் பிள்ளை.

அவளுக்கு ஹம்பேர்க்கில் கல்யாணம் பொருந்தியது. தகப்பன் இல்லாத பெண். தாய் தனியாக நின்று தாரை வார்க்கச் சபை ஒத்துக்கொள்ளாது. ஆகவே மணவறையில் நானும் இவரும் நின்று அவளைக் கையளிப்பது என்று முடிவாயிற்று. இவருக்குக் கால் தரையில் நிற்கவில்லை. புதுப் பட்டுவேட்டி வாங்கினார். அவளுக்கென்று வெள்ளைத் தோலில் ஒரு சுருக்குப்பை தைத்து, பட்டுக் குஞ்சம் கட்டினார்.

அந்தச் சந்தோஷத்தில்தான் பிழை விட்டார். சந்தையில் இவர் தோலைத் தொடையில் வைத்துத் தைப்பதை உள்ளூர்ப் பத்திரிகையில் பெரிதாகப் படம் பிடித்துப் போட்டிருந்தார்கள். இவர் அதைத் தானே கல்யாண வாட்ஸ்அப் குழுவில் போட்டார். ஜெர்மனியில், இந்த நூற்றாண்டில், அதைப் பார்த்து யார் என்ன சொல்லப்போகிறார்கள் என்று நினைத்த பேயன் என் புருஷன்.

மாப்பிள்ளையின் தகப்பன் தியாகராசா சுபானிக்குப் போன் எடுத்தார். மறுநாள் அவள் மகளையும் கூட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தாள்.

"அண்ணை, அவை வேற மாதிரி நினைக்கினம். தோல் தைக்கிற கையால தாரை வாத்தா அவையின்ர சனம் கதைக்குமாம். நாகமுத்துவும் மனிசியும் நிக்கட்டும். நீங்கள் முன்வரிசையில இருங்கோ. ஆரும் கேட்டா பார்சல் போடுற வேலை எண்டு சொல்லுங்கோ."

சாதி என்ற சொல்லை மட்டும் அவள் சொல்லவில்லை. அதைச் சொல்லாமலே எல்லா அலுவலும் பார்க்க எங்கள் சனத்துக்குத் தெரியும்.

நாகமுத்து சுபானியின் செத்துப்போன கணவரின் ஒன்றுவிட்ட தம்பி. பன்றி வெட்டும் தொழிற்சாலையில் வேலை. அது ஃபிர்மா, அதாவது கம்பனி வேலை, பென்சன் வரும், ஆகவே தீட்டில்லை.

"தியாகராசா ஓடுற காரின்ர சீற் என்னத்தில செய்தது மச்சாள்?" என்று கேட்டேன்.

"ரஞ்சினி, விடும்," என்றார் இவர். தக்சாயினியைப் பார்த்தார். அவள் போனைத் தடவிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவேயில்லை. வெள்ளைப் பையை இவர் அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார். எனக்கு அன்றைக்கு வந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

கல்யாணத்துக்குப் போனோம். மண்டபத்தில் இவர் காலையிலிருந்து விரல்களைச் சால்வைக்குள்ளேயே வைத்திருந்தார். என்ன வேலை என்று கேட்ட இரண்டு பேருக்கு, பார்சல் போடுகிறேன் என்று சொன்னார். மணவறையில் நாகமுத்து எங்கள் பிள்ளையின் கையைப் பிடித்துத் தாரை வார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். இவர் கண்வெட்டாமல் பார்த்தார்.

கூறை மாற்றப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு போன நேரத்தில் தவிலின் வார் அறுந்தது. பழைய முறையில் தோல்வார் இழுத்துக் கட்டிய தவில். தோல் தளர்ந்து, அடித்தால் ஈரச் சாக்கில் அடித்ததுபோலக் கேட்டது. தவில்காரர் முடிச்சுப் போட்டுப் பார்த்தார், நிற்கவில்லை. இன்னொரு தவிலும் இல்லை. கெட்டிமேளம் இல்லாமல் தாலி ஏறுவதா என்று மேடையில் குசுகுசுத்தார்கள். தியாகராசா இறங்கி நேரே எங்களிடம் வந்தார்.

"ஐங்கரன் அண்ணை, ஒருக்கா வந்து பாருங்கோ. உங்களுக்கு உந்த வேலை தெரியும்தானே?"

குத்தூசியும் மெழுகுநூலும் எங்கள் காருக்குள் இருந்தன. கார் வாசலில்தான் நின்றது.

இவர் சால்வைக்குள்ளிருந்து கையை எடுக்கவில்லை.

"எனக்கு உது தெரியாது. நான் பார்சல் போடுற ஆள்."

தியாகராசாவின் முகம் செத்துப்போயிற்று. எனக்கு நெஞ்சு குளிர்ந்தது. பொய் சொல்லமாட்டேன், சரியாகவே குளிர்ந்தது. ஆனால் அந்தக் குளிர்ச்சி தாலி ஏறும்வரைகூட நிற்கவில்லை. யாரோ ஒருவர் போனில் கெட்டிமேளத்தைத் தேடி எடுத்து மைக்கில் பிடித்தார். இடையில் விளம்பரம் ஒன்று வந்தது. சனம் சிரித்தது. எங்கள் பிள்ளை கூறைச் சேலையோடு அழுதுகொண்டு கழுத்தை நீட்டினாள். இவர் சால்வையோடு வாங்கிய அட்சதை போடாமல் அப்படியே கைக்குள் இருந்தது.

ஆசீர்வாதம் வாங்க வந்து காலில் விழுந்தவள், எழும்பும்போது இவருடைய காதுக்குள் கேட்டாள்.

"மாமா, ஏன் செய்யேல்லை? உங்களுக்குக் கஷ்டமில்லைத்தானே?"

இவர் முதல் தடவையாகச் சால்வையிலிருந்து கையை எடுத்து அவள் தலையில் வைத்தார். கறுத்த விரல்களை எல்லாரும் பார்த்தார்கள்.

அவளுக்கு ஏன் என்று கேட்கத் தெரிந்திருக்கிறது. தன் தாய் எங்கள் வீட்டுக் கதிரையில் இருந்துகொண்டு மாமா மணவறைக்கு வரவேண்டாம் என்று சொன்ன அன்றைக்கு, பக்கத்தில் இருந்த அவள் ஏன் என்று கேட்கவில்லை.