ரிப்போர்ட்டில் எழுதிய தூசி

துணிகளுக்கு நடுவே பஞ்சு வைத்துக் குயில்ட் போர்வை தைக்கும் பெரிய இயந்திரம் ஒன்று, கிள்ளானில் என் வீட்டுக் கூடத்தை அடைத்துக்கொண்டு நிற்கிறது. கை வேகமாக நகர்ந்தாலும் மெதுவாக நகர்ந்தாலும் தையலை ஒரே அளவில் விழவைக்கும் கருவி அதில் உண்டு. ஆயுத பூஜைக்கு மறுநாள் அது காலை வாரிவிட்டது. ஒரு தையல் எள்ளளவு, அடுத்தது விரல் நீளம். ஒரு கல்யாணப் பெண்ணுக்கான குயில்ட் பாழ்.

விற்ற கடைக்குப் போன் போட்டுக் கத்தினேன். "என்ன குப்பைய வித்திருக்கீங்க? ரெண்டு வருஷம்கூட ஆகல!"

அதோடு விட்டேனா? தையல் பெண்களின் வாட்சப் குழுவில், "அந்தக் கடைப் பக்கமே போகாதீங்க" என்று போட்டேன்.

மறுநாள் காஜாங்கிலிருந்து கடையின் மெக்கானிக் வந்தார். செருப்பைக் கழற்றுவதற்குள் மறுபடி ஆரம்பித்தேன். அவர் குனிந்து, இயந்திரத்தின் அடியில் உருளும் சின்னச் சக்கரத்தைத் துடைத்தார். அது உருளுவதை வைத்துத்தான் கருவி தையலை அளக்குமாம். துடைத்த துணி மஞ்சளாக வந்தது.

சந்தனம்! சக்கரம் என்று ஒன்று இருந்தால் பொட்டு வைக்காமல் விடுவோமா? பூஜையன்று நான்தான் அப்பியிருந்தேன்.

"அக்கா, அடுத்த வருஷம் பொட்ட மேல வைங்க லா," என்றார். ரிப்போர்ட்டில் 'தூசி' என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

குழுவில் போட்டதை அழித்தேன். என்ன கோளாறு என்று கேட்டவர்களிடம் நானும் தூசி என்றே சொன்னேன். கடையைத் திட்ட அவ்வளவு உயர்ந்த குரல், 'தப்பு என்னுடையது' என்று சொல்ல மட்டும் எழும்பவே இல்லை.