இடி இடிச்சா சேர்வர் புடுங்குற லயம்

கம்ப்யூட்டர் படிக்கிற புள்ளன்னு ஒரு தடவ பேர் எடுத்துட்டா, நீங்க வேலை தேடிப் போகவே வேணாம், வேலையே ஒங்க வீட்டு இஸ்தோப்புல, அதான் முன் திண்ணையில, வந்து ஒக்காந்துக்கும். சம்பளம் கெடயாது, லீவு கெடயாது, கொறை மட்டும் தெனம் வரும். ஒங்க வீட்லயும் அப்புடி ஒரு புள்ள இருந்தா, இல்ல நீங்களே அந்தப் பாவப்பட்ட புள்ளயா இருந்தா, மேல சொன்னத திருப்பி வாசிக்கத் தேவையில்ல.

நான் ஹட்டன்ல போர்டிங்ல தங்கிப் படிக்கிறேன். வீடு பூண்டுலோயாவுக்கு மேல ஒரு தேயிலத் தோட்டத்துல. படிக்கிற எடத்துல கழிச்சிப் போட்ட பழைய கம்ப்யூட்டர் ஒன்ன சண்ட போட்டு வாங்கி, பஸ்ல மடியில வச்சிக் கொண்டாந்தேன். அதுக்கு ஒரு ஹார்ட் டிஸ்க் போட்டு, ரவுட்டரோட சேத்து, வீடுங்கள வரிசையா ஒட்டிக் கட்டுன எங்க லயத்து டிவிக்கெல்லாம் வீடியோ அனுப்புற சேர்வரா ஆக்குனேன். இண்டர்நெட் தேவையில்ல. வீடியோ எங்க வீட்டு மேசைக்கடியில இருக்கும், பக்கத்து வீட்டுக் காம்பரா டிவில ஓடும். விசயம் அவ்வளவுதான். இத லயத்துல வெளங்கப்படுத்துன நேரத்துல நான் இன்னொரு டிப்ளோமா முடிச்சிருக்கலாம்.

டிவி ஸ்மார்ட்டு, சிக்னல் இல்ல

இப்ப டவுன் கடையில சாதா டிவி கெடைக்காது, எல்லாம் ஸ்மார்ட் டிவிதான். அதுனால எங்க லயத்துல வீட்டுக்கு வீடு ஸ்மார்ட் டிவி. சிக்னல்தான் கெடயாது. தேயில ஏத்த லொறி வர்றதுக்கு மலைய வெட்டி ரோடு போட்டாங்க. அந்த ரோட்டோரமா ஒரு டவர் நட மட்டும் யாருக்கும் கை வரல. போன் பேசணும்னா தண்ணி டேங்கி மேட்டுக்கு ஏறணும். லயத்துல எல்லா காதலும், எல்லா புருசன் பொண்டாட்டி சண்டையும் அந்த டேங்கி பக்கத்துலதான் நடக்குது.

பக்கத்து காம்பரா சிவா அண்ணே ஃபேக்டரில வேலை. அவரு சம்சாரம் ராஜி அக்கா வெளிநாட்ல ஒரு வீட்ல வேலைக்குப் போயிட்டாங்க. போறப்ப மக தர்ஷிகா தவழ்ந்துக்கிட்டு இருந்துச்சி. இப்ப ஓடுது, வாய் பேசுது. வீடியோ கோல் எடுத்தா டேங்கி மேட்டுல அம்மா மூஞ்சி கட்டம் கட்டமா ஒடஞ்சி வரும், புள்ள பயந்து போன தள்ளிவிடும். அதுனால ராஜி அக்கா அந்த வீட்டு சமையல் குசினில நின்னு வீடியோவா எடுத்து அனுப்புவாங்க. பாட்டு, கத, சோறு ஊட்டுறது எல்லாம். ஆனா அவங்க போன்லயும் எடம் இல்ல, அண்ணே போன்லயும் எடம் இல்ல. புதுசு வந்தா பழச அழிக்கணும். ஒரு நாள் புள்ள போன்ல அம்மாவப் பாத்து, இந்த அக்கா யாருன்னு கேட்டுருச்சாம். அத சொல்றதுக்கு அண்ணே எங்க வாசல்ல ரொம்ப நேரம் நின்னாரு. 

"தங்கச்சி, அவ திரும்பி வர்றதுக்குள்ள இந்தப் புள்ள அவ மூஞ்சிய மறந்துராம இருக்க ஒரு வழி செஞ்சி குடு."

கரடியப் பாத்தது யாரு

அதுக்காகத்தான் அந்த சேர்வர்; ராஜி அக்கா வீடியோவெல்லாம் அதுல ஏத்துனேன். அது ஓட ஆரம்பிச்ச ஒடனே ஆளாளுக்கு கல்யாண டிவிடி, திருவிழா டிவிடி, புள்ளைங்க கார்ட்டூன்னு கொண்டாந்து குமிச்சிட்டாங்க. வீட்டுக்கு ஒரு பேர் போட்டு தனித்தனியா வச்சிக்குவோம்னு கெஞ்சுனேன். நாங்க என்ன வேற வேறயா, ஒரே லயம்தானேன்னு ஒரே பேர்ல நின்னுட்டாங்க. ஒத்துமை நல்லதுதான். ஆனா ஒருத்தர் பாதில விட்ட வீடியோ எல்லார் டிவிலயும் மொத வரிசையில வந்து நிக்கும்.

கடைசி காம்பரா மாணிக்கம் மாமா பென்சன் வாங்கிட்டு வீட்ல இருக்குறவரு. கோயில் கமிட்டில பெரிய ஆளு. டிவியால தோட்டத்துப் புள்ளைங்க கெட்டுப் போச்சின்னு கூட்டத்துக்குக் கூட்டம் பேசுவாரு, திருவிழா வீடியோவத் தவிர வேற எதையும் பாக்கமாட்டேன்னும் சொல்லுவாரு. ஒரு நாள் புள்ளைங்க ஸ்கூல்ல, பெரியவங்க மலையில கொழுந்து பறிக்க, எல்லாரும் பொழுது சாய வந்து டிவியப் போட்டா ஒரு கரடி கார்ட்டூன் பாதில நிக்கிது. அடுத்த நாளும் அப்புடித்தான், அதுக்கு அடுத்த பாகம். பகல்ல லயத்துல இருந்த ஒரே ஆளு அவருதான். நான் சும்மா விடுவேனா, அந்த வார லீவுல வந்ததும் எல்லார் முன்னுக்கும் கேட்டுட்டேன்.

"ஏம்மா, நான் எங்க கரடியப் பாத்தேன், கரடிதான் வந்துச்சி, எனக்கு நிப்பாட்டத் தெரியாம முடியிற வரைக்கும் ஒக்காந்திருந்தேன்."

சந்தனம் வச்ச காத்தாடி

சரஸ்வதி பூசைக்கு லீவுல வந்தேன். சேர்வர் மூச்சு வாங்குது, தொட்டா சுடுது. குனிஞ்சி பாத்தா, காத்து போற ஓட்ட முழுக்க அம்மா சந்தனத்த அப்பி, அதுமேல குங்குமம் வச்சி, மால போட்டு, அடியில ரெண்டு எலுமிச்சத் தேசிக்கா வச்சிருக்காங்க. குங்குமம் உள்ளுக்குப் போயி, சூட்ட ஆத்துற காத்தாடி செவந்து சுத்துது. கழட்டி பிரஸ்ஸால தேச்சிக்கிட்டே, இந்த ஓட்ட எதுக்கு இருக்கு, இத அடச்சா என்ன நடக்கும், டிஸ்க் கருகுனா ராஜி அக்கா வீடியோ எல்லாம் போயிரும்னு ஒரு முழு பாடம் எடுத்தேன். அம்மா கொழுந்துக் கூடைய தட்டிக்கிட்டே பொறுமையாக் கேட்டாங்க.

"தையல் மெசினுக்கு வச்சோம், ஒங்கண்ணன் திரீவீலுக்கு வச்சோம், ஃபேக்டரில அம்மாம் பெரிய மெசினுக்கே வைக்கிறாங்க, ஒனக்கும் ஒம் மெசினுக்கும் மட்டும்தான்டி தொட்டா சுடுது."

ப்ளக் புடுங்குற டியூட்டி

எங்க லயத்துல ஒரு பழக்கம் இருக்கு. எல்லாரும் மலைக்குப் போயிருக்குற நேரம் இடி இடிச்சா, லயத்துல யாரு இருக்காங்களோ அவங்க ஒவ்வொரு காம்பராவா நொழஞ்சி ப்ளக்கெல்லாம் புடுங்கி விடணும். அதுக்காகவே பகல்ல யாரும் கதவ பூட்டுறதில்ல. இந்த டியூட்டிய வருசக்கணக்கா செய்யிறது மாணிக்கம் மாமாதான். கொடய எடுத்துக்கிட்டு ரப்பர் செருப்ப மாட்டிக்கிட்டு, காலையில பேர் கூப்புடுற பெரட்டுக்கு வந்த தோட்டத் தொர கணக்கா லயத்தோட ஒரு தலைப்புல இருந்து ஆரம்பிப்பாரு.

தீவாளிக்கு நான் வந்திருந்தேன். ராஜி அக்கா பொங்கலுக்கு வர்றதா டிக்கெட் போட்டாச்சின்னு செய்தி. அவங்க கடைசியா அனுப்புன வீடியோவ அண்ணே போன்ல இருந்து நகத்தி சேர்வர்ல ஏத்தப் போட்டுட்டு நான் மலைத்தண்ணி விழுகுற பீலிக்கு தண்ணி புடிக்கப் போனேன். ஒரு இடிதான் இடிச்சிச்சி. கொடத்தப் போட்டுட்டு ஓடியாறதுக்குள்ள மாமா கையில சேர்வர் வயரு தொங்குது. மறுபடி போட்டா வெறும் கறுப்புத் திரை, டிஸ்க் இல்லன்னு சொல்லுது. புள்ளயோட அம்மா மொத்தமும் அதுலதான் இருக்கு, வேற எங்கயும் பிரதி கெடயாது. நான் கத்துன கத்துல மேல் லயம் எறங்கி வந்துருச்சி. அந்த நேரம் பாத்து கீழ் லயத்துல ரெண்டு டிவி பொகஞ்சி போச்சின்னு ஆள் வந்து சொல்றாங்க. அதுக்காக நான் விடுவேனா? ஒரு பட்டன அமுக்கி, அது அணையிற வரைக்கும் நின்னு, பொறகு புடுங்கக் கூடாதான்னு கேட்டேன். மாமா வயர சுருட்டிக்கிட்டே திருப்பிக் கேட்டாரு.

"ஏம்மா, நான் பட்டன அமுக்கிட்டு நிக்கிற வரைக்கும் இடியும் வெளியில நிக்குமா?"

செவுத்துக்கு மேல வந்த சத்தம்

தர்ஷிகா சோறு திங்கிறது அம்மா வீடியோவப் பாத்துக்கிட்டுதான். ராஜி அக்கா குசினில முட்டி போட்டு, கரண்டிய போனுக்கு நேரா நீட்டி, "ஒரு வாய் பூனைக்கு"ன்னு சொல்லிட்டு வாயத் தெறந்து காத்துக்கிட்டு இருப்பாங்க. புள்ள முழுங்குற அளவுக்கு நேரம் விட்டு, "ஒரு வாய் மலைக்கு"ம்பாங்க. கடைசி வாய் அம்மாவுக்கு. அன்னைக்கு டிவி வெறுமையா நிக்கிது, புள்ள வாயத் தெறக்கமாட்டேங்குது. சிவா அண்ணே தட்ட வச்சிக்கிட்டு என்னயப் பாக்குறாரு, நான் டிஸ்க்கப் பாக்குறேன். நாளைக்கு ஹட்டனுக்குக் கொண்டு போயி பாக்குறேன்னு மட்டும் சொன்னேன்.

லயத்துல காம்பராவுக்கும் காம்பராவுக்கும் நடுவுல இருக்குற செவுரு கூரை வரைக்கும் போகாது. ஒரு வீட்ல தும்முனா மத்த வீட்ல வாழ்த்துவாங்க. அந்த செவுத்துக்கு மேலால, கரகரத்த கொரல்ல, "ஒரு வாய் பூனைக்கு"ன்னு வருது. மாணிக்கம் மாமா. சிவா அண்ணே வீட்டுக்கு அடுத்த காம்பரா இஸ்தோப்புல வந்து ஒக்காந்திருக்காரு. தெனம் கேட்டு கேட்டு ராஜி அக்கா ராகத்துலயே, நடுநடுவுல நிப்பாட்டுற நேரம் கூட பெசகாம சொல்றாரு. எனக்கு அவரு மேல இருந்த கோவத்த எங்க கொண்டு போயி வைக்கிறதுன்னு தெரியல. தர்ஷிகா செவுத்த அண்ணாந்து பாத்துச்சி.

"தாத்தா, நீங்க அம்மா இல்ல, ஆனா சொல்லுங்க."

வாங்குன சாபம்

ஹட்டன்ல ஒரு சீனியர் அண்ணா டிஸ்க்க கழட்டி, ஏதேதோ ஓட விட்டு, ஒரு நாள் முழுக்க மெனக்கெட்டு எடுத்துக் குடுத்தாரு. ஏத்திக்கிட்டு இருந்த அந்தக் கடைசி வீடியோ மட்டும் போயிருச்சி, மத்ததெல்லாம் தப்பிச்சிச்சி. இந்த தடவ ரெண்டு எடத்துல பிரதி எடுத்து வச்சேன். பட்டனுக்கு மேல செவப்பு ஸ்டிக்கர் ஒட்டி, மாமாவக் கூப்புட்டு, இடி வர்றதுக்கு முந்தி இத மொதல்ல ஆற அமர அமுக்குங்கன்னு கையப் புடிச்சி காட்டிக் குடுத்தேன்.

அது எனக்கு நானே வாங்குன சாபம். இப்ப மாமா இடிக்கெல்லாம் காத்திருக்குறதில்ல. மேகம் கறுத்தா அமுக்கிருவாரு. பனி மூடம் எறங்குனா அமுக்கிருவாரு. எங்க ஊர்ல மேகம் கறுக்காத நாள ஒரு கையில எண்ணிரலாம்ங்கிறது ஒங்களுக்கே தெரியும். எதுக்கு மாமா அணச்சீங்கன்னு கேட்டா, என் பாடத்த எனக்கே திருப்பித் தர்றாரு.

"நீதானம்மா சொன்ன, இடி வர்றதுக்கு முந்தி ஆற அமர அமுக்கணும்னு."

கடைசி கம்ப்ளெய்ன்ட்

பொங்கலுக்கு மொத நாள் ராஜி அக்கா வேன்ல வந்து எறங்குனாங்க. லயமே இஸ்தோப்புல நிக்கிது. மாமா காலையில இருந்தே வானத்தப் பாத்துக்கிட்டு இருந்தவரு, ஆனா அன்னைக்கு மட்டும் பட்டன் பக்கம் போகல. அக்கா ரெண்டு கையையும் நீட்டுனாங்க. தர்ஷிகா அப்பா காலுக்குப் பின்னால ஒளிஞ்சிக்கிச்சி. யாரோ ஒருத்தவங்க புள்ளய இழுத்து முன்னுக்குத் தள்ளப் பாத்தாங்க, நான் மொறச்ச மொறையில கைய எடுத்துட்டாங்க. புள்ள உள்ளுக்கு ஓடிப் போயி, ரிமோட்ட எடுத்து, தானே தேடி அம்மா சோறு ஊட்டுற வீடியோவப் போட்டுட்டு பாயில ஒக்காந்துச்சி. வெளியில நிக்கிற அம்மாவ விட்டுட்டு டிவில இருக்குற அம்மா கிட்ட போயிருச்சி. அக்கா மூஞ்சிய என்னால பாக்க முடியல. நான் செஞ்சி குடுத்த வழி அவங்களுக்கே குறுக்க நிக்கிது.

அக்கா அழல. புள்ளைக்கு ஊட்டுறதுக்கு சிவா அண்ணே கையில வச்சிருந்த சோத்துத் தட்ட வாங்கிக்கிட்டு, மெதுவா உள்ளுக்குப் போயி, டிவிக்கு அடியில முட்டி போட்டு ஒக்காந்தாங்க. டிவில "ஒரு வாய் பூனைக்கு"ன்னு வந்துச்சி. கீழ இருந்தும் அதே நேரம், அதே ராகத்துல வந்துச்சி. புள்ள மேல பாத்துச்சி, கீழ பாத்துச்சி, மறுபடி மேல பாத்துச்சி. "ஒரு வாய் மலைக்கு." ரெண்டு அம்மாவும் வாயத் தெறந்து காத்துக்கிட்டு இருக்காங்க. தர்ஷிகா வாயத் தெறந்துச்சி. சோறு உள்ளுக்குப் போச்சி. மென்னுக்கிட்டே புள்ள கைய நீட்டி, அக்கா மூக்குத்தியத் தொட்டுப் பாத்துச்சி. பொறகு வாசல்ல நிக்கிற எங்க பக்கம் திரும்பி, சேர்வர்காரி எம் மேல கொறை சொல்ற எல்லாரும் பேசுற அதே அதிகாரத்தோட சொல்லிச்சி.

"அந்த டிவிய நிப்பாட்டுங்க, அம்மா பேசுறது கேக்கல."

சந்தனம், கரடி, இடி, மாணிக்கம் மாமா எல்லாத்தையும் மீறி அந்த சேர்வர நிக்காம ஓட வைக்க நாயா அலஞ்ச நான், அத நிப்பாட்டச் சொல்லி வந்த இந்த ஒரு கம்ப்ளெய்ன்டுக்கு மட்டும்தான் எதுத்து ஒரு வார்த்த பேசாம ஓடிப்போயி வேலை செஞ்சிருக்கேன்.