நான்கு விரல் இடப்பக்கம்

இன்று காலை கண்டியில் கோல்ஃப் பந்தயம். ஹுன்னஸ்கிரியத் தேயிலைத் தோட்டத் துரைக்குப் பை சுமந்தவன் நான். இருபது வருடம் பார்த்தே இந்த ஆட்டத்தைக் கற்றவன்.

அவர் அடித்த பந்தெல்லாம் வலப்பக்கப் புதருக்குள் போனது.

"பந்து வலது காலுக்கு நேரா இருக்குதுங்க தொரை. கொஞ்சம் இடது பக்கம் இருந்தா நேரா போகும்" என்றேன்.

"நீ பை தூக்கு. வாய் தூக்காதே. இன்னும் ஒரு பந்து காட்டுக்குப் போனா நாளைக்கு வேற ஆள்."

துரைமார் குனிய மாட்டார்கள். அவர்கள் காலை ஊன்றி நின்றதும், ஈரமணலைக் குவித்து அதன்மேல் பந்தை வைப்பது நம் வேலை. அடுத்த முறை நான்கு விரல் இடப்பக்கம் தள்ளி வைத்தேன். அதைக்கூட அவர் கவனிக்கவில்லை.

பந்து அம்புபோல் பறந்தது.

துரை மட்டையைத் தடவிக்கொடுத்தார். "பாத்தியா? லண்டன் மட்டை."

இன்னொரு துரையின் பையைச் சுமந்து நின்ற மடவளைக் கரீம் என் காதருகே சொன்னான்: "மட்டைக்கு ஒரு சலாம் வைங்க அண்ணே."

நாளை இறுதி ஆட்டம். வேலை போனால் போகட்டும், பந்தைப் பழைய இடத்திலேயே வைக்கப் போகிறேன். தடுக்க நினைப்பவர்கள் இன்று மாலைக்குள் காரணம் சொல்லுங்கள்.